பனிமேல் போட்ட பழி

ஏற்காடு பஜாரில் ஒரு மாடியில் லூர்துராஜ் சார் நடத்திய கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும். அப்புறம் காலைக் கழுவ வேண்டும். அப்புறம், கழுவிய கால் காயும்வரை வாசலில் கிடக்கும் சாக்கின்மேல் நிற்க வேண்டும். ஜூலை மாதத்து ஏற்காட்டில் கழுவிய கால் எங்கே காயும்? விறைத்த பாதங்களோடு உள்ளே போனால் நாலு கம்ப்யூட்டர்கள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். துணியின் ஓரமெல்லாம் சாரின் மனைவி கையால் பின்னிய பூவேலை. அந்தத் துணியை எடுக்கிற உரிமை சாருக்கு மட்டும்தான். அவரும் எடுக்க மாட்டார்.

"தொட்டாக் கெட்டுப்போயிரும் கண்ணு. பாத்துக்கிட்டே படிக்கோணும்," என்பார். துணி போர்த்தியதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அந்த வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

லூர்துராஜ் சார் அதற்கு முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தவர். தொண்ணூற்றேழில் போர்டைக் கழற்றி, அதன் பின்பக்கத்தில் வேறு பெயர் எழுதி, திருப்பி மாட்டினார். அவ்வளவுதான், ஏற்காட்டுக்குக் கம்ப்யூட்டர் யுகம் வந்துவிட்டது. அப்போது ஊரே அப்படித்தான் இருந்தது. எஸ்டேட் ரைட்டர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோரும், தங்கள் பிள்ளை ஒரு சர்டிபிகேட் வாங்கிவிட்டால் மறுநாளே விமானம் வந்து வாசலில் நிற்கும் என்று நம்பினார்கள். வாசலில் ஜீப் நிற்கவே இடமில்லாத வீடுகள்.

அடுத்த வருஷம் சார் புதிதாக ஒரு கோர்ஸ் ஆரம்பித்தார்: நெட்வொர்க்கிங் அடிப்படை. சென்னையிலுள்ள ஏதோ ஒரு சங்கம் சேலத்தில் பரீட்சை வைத்து சர்டிபிகேட் கொடுக்கும். நெட்வொர்க்கிங் என்றால் பெரிய மாயமெல்லாம் இல்லை. நாலைந்து கம்ப்யூட்டர்களை ஒரு கேபிளால் இணைத்து ஒன்றோடொன்று பேச வைப்பது. ஆனால் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதை லூர்துராஜ் சார் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவருடைய நாலும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

பார்க்காததைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. அவருடைய அப்பா மாதா கோயில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, கேள்வியும் பதிலுமாக ஞானோபதேசத்தை உருப்போட வைத்தவர். மகன் அதே முறையில் நெட்வொர்க்கிங்கை எழுதிவிட்டார். சார் கேள்வியைப் பாடுவார். வகுப்பு பதிலைப் பாடும்.

"அடுக்குகள் எத்தனை?"

"ஏழு!"

"அவை யாவை?"

"பிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட், செஷன், பிரசன்டேஷன், அப்ளிகேஷன்!"

"டெர்மினேட்டர் என்றால் என்ன?"

"கேபிளின் இரு முனையிலும் இருப்பதே டெர்மினேட்டர்!"

"அது எதற்காக இருக்கிறது?"

"கேபிளின் முனையில் இருப்பதற்காக!"

கீழே தெருவில் போகிற டூரிஸ்டுகள் அண்ணாந்து பார்ப்பார்கள். மேலே ஏதோ ஜெபக்கூட்டம் என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு.

இந்தப் பாட்டுக் கச்சேரியின் முதல் குரல் ஸ்தனிஸ்லாஸ். எஸ்டேட்டில் காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற பல்ப்பர் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டரின் மகன். பி.காம். படித்தவன். ஞானோபதேசப் போட்டியில் வருஷா வருஷம் கோப்பை வாங்கியவன். ஏழு அடுக்கையும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, ஒன்றுவிட்டு ஒன்று என்று எப்படிக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். நல்லவன்தான். கெட்டவனாக இருப்பதற்குக்கூடக் கொஞ்சம் யோசனை தேவைப்படுமே.

அந்தப் பாட்டில் சேராமல் உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான். செம்மநத்தம் மாதையன் மகள் வெள்ளையம்மாள். அப்பாவுக்கு மலைச்சரிவில் கொஞ்சம் சாமைக் காடு, கொஞ்சம் காப்பி, பலா மரங்கள். மகள் மேல்ரோட்டுக் கன்னியர் பள்ளியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, சேலத்தில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு, திரும்பி வந்து ஏரிக்கு எதிரே ஆரோக்கியதாஸ் கடையில் டூரிஸ்டுகளுக்குத் தேனும் தைலமும் விற்றுக்கொண்டிருந்தாள். தைலம் நிஜம். தேன்தான் வெல்லப்பாகு. "ஒரிஜினல் மலைத்தேனுங்க," என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை சொல்ல வேண்டும். பொய் என்று அவளுக்குத் தெரியும். வாங்குகிறவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியும். இதைச் சொல்லவா கால்குலஸ் படித்தேன் என்று ஒவ்வொரு பாட்டிலைக் கட்டிக் கொடுக்கும்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடையில் அடக்கிவைத்த வாய் வகுப்பில் அவ்வப்போது பிய்த்துக்கொள்ளும்.

"ஏனுங்க சார், முனையில இருக்கறதுக்காக முனையில இருக்குதுன்னா, அது அங்க இல்லாட்டி என்னாகும்?"

"அது பரீட்சைக்கு வராது கண்ணு."

"பரீட்சைக்கு வராது சார். கேபிளுக்கு வருமில்லீங்களா?"

சார் அவளைப் பரிதாபமாகப் பார்ப்பார். வகுப்பும் பார்க்கும். சொன்னதைச் சொல்லத் தெரியாத பெண்ணைப் பார்த்து வேறென்ன செய்வது?

தொல்லை தாங்காமல் ஒரு நாள் சார், சென்னைச் சங்கத்திலிருந்து வந்த தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை அவளிடம் எடுத்துக் கொடுத்துவிட்டார். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, ஒருவரும் பிரித்ததில்லை. அவள் அதைக் கடைக் கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டு, டூரிஸ்ட் பஸ்ஸுக்கும் டூரிஸ்ட் பஸ்ஸுக்கும் நடுவே படித்தாள். கேபிளில் ஓடுகிற சமிக்ஞை முனைக்குப் போனதும் போக இடமில்லாமல் திரும்பி ஓடிவரும், எதிரே வருவதோடு முட்டிக்கொள்ளும், எல்லாம் குழம்பிப்போகும். அப்படித் திரும்பாமல் விழுங்கிக்கொள்வதுதான் முனையில் மாட்டுகிற அந்தச் சின்ன மூடி, டெர்மினேட்டர். இது புரிந்த மத்தியானம் அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. எதிரே ஒரு குடும்பம் தேன் விலை கேட்டு நின்றது. அவர்களிடமே சொல்லிவிடலாமா என்று வாய் துறுதுறுத்தது.

அந்தச் சமயத்தில்தான் கன்னியர் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் வந்தது. ஆறு கம்ப்யூட்டர்கள், எல்லாம் ஒரே கேபிளில். லேபைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். டிகிரியும் நெட்வொர்க்கிங் சர்டிபிகேட்டும் இருக்க வேண்டும் என்று பள்ளியை நடத்தும் மதர் ஞானசுந்தரி சொல்லிவிட்டார். வெள்ளையம்மாளுக்கு அந்த வேலை வேண்டும். அமெரிக்கா வேண்டாம், விமானம் வேண்டாம். காலையில் போய், தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்து, வாயில் ஒரு பொய்யும் இல்லாமல் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற ஒரு வேலை. அது அந்த மலையில் அவளுக்கென்று வந்திருந்தது. இனி எத்தனை வருஷம் கழித்து இன்னொன்று வரும் என்று யாருக்குத் தெரியும்?

சேலத்தில் பரீட்சை நடந்தது. நாலு விடை கொடுத்து ஒன்றை டிக் பண்ணச் சொல்கிற பரீட்சை. வகுப்பில் தேறியது இரண்டே பேர்தான்: ஸ்தனிஸ்லாசும் வெள்ளையம்மாளும். ஸ்தனிஸ்லாசுக்குத்தான் மார்க் அதிகம். அவள் கேள்வியே தப்பு என்று தோன்றிய இடங்களில் நின்று மனசுக்குள் சண்டை போட்டாள், அவன் நிற்கவில்லை. கேள்வி தயாரித்தவர்களும் லூர்துராஜ் சார் மாதிரி ஆட்கள்தான் போலிருக்கிறது.

சர்டிபிகேட் வந்ததும் லூர்துராஜ் சார் இரண்டு பேரையும் பஜாரில் நிற்க வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார். நடுவில் அவர்.

காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று லேபில் ஒரு கம்ப்யூட்டரும் இன்னொரு கம்ப்யூட்டரோடு பேசவில்லை. லீவுக்கு முன்னால் சேலத்துக் கம்பெனி ஆள் வந்து கேபிள் போட்டு, எல்லாம் ஓடுகிறது என்று காட்டிவிட்டுப் போனபோது பேசியவைதான். அவரைத் திரும்பக் கூப்பிடலாமென்றால் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸே மேலே வரவில்லை. ஊரெங்கும் எதிரே நிற்கும் ஆள் தெரியாத அளவுக்குப் பனி.

முதலில் லூர்துராஜ் சாரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் காலைக் கழுவிக்கொண்டு லேபுக்குள் போனார். ஆறு கம்ப்யூட்டர்களையும் பார்த்தார். பிறகு ஸ்தனிஸ்லாசைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, அடுக்குகளை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். "ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே வந்தா எந்த எடத்துல கோளாறுன்னு தெரிஞ்சுபோயிருமுங்க மதர்."

"பிசிக்கல்," என்று ஆரம்பித்தான் ஸ்தனிஸ்லாஸ். பிசிக்கல் என்றால் கையால் தொடுகிற கேபிளும் இணைப்பும். விடை அந்த முதல் வார்த்தையிலேயே இருந்தது. ஆனால் இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பயபக்தியோடு இரண்டாவது அடுக்குக்குப் போய்விட்டார்கள்.

ஏழாவது அடுக்கு முடிந்தும் ஒன்றும் ஆகவில்லை. லூர்துராஜ் சார் ஜன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டு, "பனிதானுங்க மதர்," என்றார். "உள்ளார ஈரம் புகுந்துக்குது. வெயில் வந்தாச் சரியாயிரும்." மலையில் எது கெட்டாலும் பழியைப் போட ஒரு பனி இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். அதற்கு வாயா இருக்கிறது, இல்லை என்று சொல்ல?

மதர் ஞானசுந்தரி வெள்ளையம்மாளுக்கு ஆள் அனுப்பினார். அவள் வந்து நின்றதும், "நாளைக்குக் காலைல உனக்கும் ஸ்தனிஸ்லாசுக்கும் இன்டர்வியூ. அதுக்குள்ள இது ஓடோணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளையம்மாள் காலைக் கழுவவில்லை. நேராகப் போய் மேஜைக்கு அடியில் நுழைந்தாள். ஒரே கறுப்புக் கேபிள், ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் ஒரு இணைப்பில் நுழைந்து அடுத்ததற்குப் போயிற்று. இதில் ஒரு இணைப்பு கெட்டாலும் ஆறும் ஊமை. அவள் முதல் இரண்டை மட்டும் தனியாக இணைத்தாள். இரண்டு முனையிலும் மூடியை மாட்டினாள். ஒன்றிலிருந்து மற்றதைக் கூப்பிட்டுப் பார்த்தாள். இருக்கிறாயா என்று ஒரு கம்ப்யூட்டர் கேட்கும். இருக்கிறேன் என்று மற்றது சொல்ல வேண்டும். பதில் இல்லை. இணைப்பைத் திருகிக் கழற்றி உள்ளே பார்த்தாள். உள்ளே, ஊசி மாதிரி நிற்கிற பின்னைச் சுற்றி மஞ்சளாக எதுவோ அடைத்திருந்தது. விரலால் தொட்டு மோந்தாள்.

கிரீஸ். ஜீப்புக்குப் போடுகிற கெட்டிக் கிரீஸ்.

அடுத்ததைக் கழற்றினாள். அதிலும் கிரீஸ். அதற்கடுத்ததிலும்.

"ஏனுங்க, இதுக்குள்ளார கிரீஸ் யாருங்க போட்டது?"

"மதருதானுங்க," என்றான் ஸ்தனிஸ்லாஸ் பெருமையாக. "லீவுக்கு முன்னாடி தன்ற கையாலயே போட்டாங்க. எஸ்டேட்டுல இருந்து டப்பாவக் கொண்டாந்து புடிச்சதே நாந்தானுங்க."

நாலு காப்பி எஸ்டேட்டுக்கு நடுவே பிறந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது. பழம் பறிப்பு முடிந்ததும் பல்ப்பரின் இரும்பு ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் அப்பி, சாக்குச் சுற்றி வைப்பார்கள். இல்லாவிட்டால் மழைக்காலம் முடிவதற்குள் துருப்பிடித்துவிடும். மதர் ஞானசுந்தரியின் அப்பாவும் எஸ்டேட் ஃபிட்டர்தான். மழைக்கு முன்னால் கேட்டுக் கீல், மோட்டார், கோயில் மணியின் அச்சு எல்லாவற்றுக்கும் மதரே கிரீஸ் போடுவார். பள்ளி ஜீப்புக்கு அடியில் அங்கியை மடித்துச் செருகிக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. அந்தக் கையோடு லேபுக்கும் வந்திருக்கிறார். கம்ப்யூட்டர்களுக்குப் பின்னால் பளபளவென்று உலோகம் தெரிந்திருக்கிறது. விடுவாரா?

வெள்ளையம்மாளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. ஹாஸ்டலில் ஏழாம் வகுப்பில், சாப்பாட்டு மணிக்கு மதர் வந்து கஞ்சி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது எல்லாப் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இவள் மட்டும் அடிப்பிடித்துவிட்டது என்றாள். அடிப்பிடித்துத்தான் இருந்தது. அந்த வாரம் முழுக்கப் படிக்கிற நேரத்தில் வராந்தாவில் வெளியே நின்றாள். அன்று ஏற்காட்டுக் குளிர் கால்வழியாக ஏறியது இப்போதும் நினைவிருந்தது.

கைக்குட்டையால் ஒரு பின்னைத் துடைத்துப் பார்த்தாள். "எதுக்குங்க தொடைக்கறீங்க?" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

"தூசி," என்றாள்.

கடைக்கு ஓடிப்போய் ஒரு பாட்டில் யூக்கலிப்டஸ் தைலம் எடுத்து வந்தாள். பிசுக்கை எடுக்க அதைவிட நல்ல சரக்கு அந்த மலையில் கிடையாது. தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, தைலத்தில் நனைத்து, ஒவ்வொரு இணைப்பையும் உள்ளும் புறமும் துடைத்தாள். அறை முழுக்க ஜலதோஷம் பிடித்தவன் வீட்டு வாசனை. ஸ்தனிஸ்லாஸ் பக்கத்தில் நின்று அவளுக்கு ஒத்தாசையாக டெர்மினேட்டர் கேள்வி பதிலை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் மாட்டி, முனைகளை மூடிவிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். முதலாவது கேட்டது, ஆறாவது பதில் சொன்னது. ஒன்று விடாமல் எல்லாம் எல்லாவற்றோடும் பேசின. புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே நடக்கிறது! ஸ்தனிஸ்லாஸ் இல்லாவிட்டால் கை தட்டியிருப்பாள்.

சாயங்காலம் கேட்டருகே லூர்துராஜ் சார் நின்றிருந்தார். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். சார் முகத்தில் ஈயாடவில்லை.

"அய்யய்யோ சாமி, இத வெளிய சொல்லிப்போடாத. மதர் போட்ட கிரீஸாலதான் கெட்டுதுன்னு மதர்கிட்டயே சொல்லுவியா? வேலை போச்சுன்னு வெச்சுக்க. பனின்னு சொல்லீரு. நானும் அதத்தான் சொல்லியிருக்கறேன், ஸ்தனிஸ்லாசும் அதத்தான் சொல்லுவான். நீ ஒருத்தி மாத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"பொய்யி சார் அது."

"தேன் விக்கறவ பேசற பேச்சா கண்ணு இது?"

அவளுக்குச் சுருக்கென்றது. செம்மநத்தம் போகிற ஜீப்பில் ஏறினாள். வழியெல்லாம் மதரிடம் சொல்லப்போகிற வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கினாள். மரியாதையாகச் சொல்ல வேண்டும், குத்திக்காட்டாமல் சொல்ல வேண்டும், ஆனால் சொல்லிவிட வேண்டும். வீட்டில் அப்பா கேட்டார், வேலை கிடைச்சுருமா கண்ணு என்று. கிடைச்சுருமுங்கப்பா என்றாள். அவர் உடனே எழுந்துபோய் மலைச்சாமி சேர்வராயன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அதைப் பார்த்த பிறகு, அடுக்கிய வாக்கியம் கொஞ்சம் ஆட ஆரம்பித்தது.

மறுநாள் மதர் தன் அறையில் இருவரையும் சேர்த்தே நிற்க வைத்தார். சர்டிபிகேட்டுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். மார்க்கைக் கேட்கவில்லை, அடுக்கைக் கேட்கவில்லை.

"ஒரே ஒரு கேள்விதான். நெட்வொர்க் எதனால நின்னுபோச்சு?"

"பனிங்க மதர்," என்றான் ஸ்தனிஸ்லாஸ் கணீரென்று.

மதர் வெள்ளையம்மாள் பக்கம் திரும்பினார். அதே பார்வை. கஞ்சி எப்படி இருக்கிறது என்று கேட்ட அதே பார்வை. வாக்கியம் தொண்டைவரை வந்தது. அப்பா கும்பிட்டது நினைவுக்கு வந்தது, ஏரிக்கரைக் கடை நினைவுக்கு வந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை யார் யாரிடமோ பொய் சொல்லியாகிவிட்டது, இன்னும் ஒரு தடவை சொன்னால் அத்தோடு முடிந்தது, அப்புறம் ஆயுசுக்கும் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

"பனிதானுங்க மதர்," என்றாள்.

மதர் சர்டிபிகேட்டுகளை அடுக்கி ஃபைலில் வைத்தார்.

"நேத்து நீங்க போனப்புறம் நான் லேபுக்குப் போனேன்," என்றார். "ஒரே தைல வாசனை. பின்னாடி கழட்டிப் பார்த்தேன். நான் போட்ட கிரீஸ் ஒரு பொட்டு இல்லை. கிரீஸ் போனதும் ஓடுதுன்னா எதனால நின்னுச்சுன்னு தெரியாத அளவுக்கு நான் ஒண்ணும் முட்டாள் இல்லை. ஜீப்பையே கழட்டி மாட்டறவ நான்." பிறகு ஸ்தனிஸ்லாசைப் பார்த்து, "நீ நாளையிலிருந்து வேலைக்கு வா," என்றார்.

ஸ்தனிஸ்லாஸ் தலைவணங்கிக் கும்பிட்டுவிட்டு வெளியே போனான். மதர் சொன்னதில் அவன் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். மற்றதெல்லாம் பாடத்தில் இல்லாதது.

வெள்ளையம்மாள் நகரவில்லை. "மதர்," என்றாள். "அவரும் பனின்னுதானுங்க சொன்னாரு."

"அவனுக்குத் தெரியாது. தெரியாம சொன்னான். தெரியாததைச் சொல்லிக்குடுத்துக்கலாம். நீ தெரிஞ்சே சொன்ன. என் முகத்தைப் பார்த்துச் சொன்ன." மதர் ஃபைலை மூடினார். "அடுத்த மழைக்கு நான் வேற எதையாவது பண்ணி வெப்பேன். எனக்கு இந்த மிஷினெல்லாம் தெரியாது. இப்படிப் பண்ணாதீங்கன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்னுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ சொல்லுவேன்னு நினைச்சேன். போ கண்ணு."

எப்படி இருக்கிறது நியாயம்! வருஷக்கணக்காக, எதிர்த்து ஒரு வார்த்தை சொன்ன பிள்ளைகளை எல்லாம் வராந்தாவில் நிற்க வைத்தாகிவிட்டது. ஆமாம் மதர், பனிங்க மதர் என்று சொல்ல ஊரையே பழக்கியாகிவிட்டது. இப்போது உண்மை பேச ஒரு ஆள் இல்லையே என்று வருத்தமாம். இதை அந்த இடத்திலேயே, அந்த முகத்தைப் பார்த்தே கேட்டிருக்க வேண்டும். ஆனால் வெள்ளையம்மாள் கேட்கவில்லை. "சரிங்க மதர்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாய்க்காரி என்று பெயரெடுத்தவளின் வாய் அவ்வளவுதான்.

பனி இறங்கிப் பள்ளி மைதானத்தை மூடியிருந்தது. அவள் கேட்டைத் தாண்டிச் சாலையில் இறங்கியபோது பின்னால் ஆள் ஓடிவரும் சத்தம் கேட்டது. ஸ்தனிஸ்லாஸ்தான். மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க. நாளைக்கு நாந்தான் பாத்துக்கோணும் பாருங்க, அதுக்குத்தான். அது நெசமாவே பனியினாலதானுங்களே நின்னுது?"

"இல்லீங்க," என்றாள். "கிரீஸு. மதர் போட்ட கிரீஸு. பின்னுக்கும் அது போயி உக்கார்ற எடத்துக்கும் நடுவால போயி அடைச்சுக்கிச்சு. ஒரு எடத்துல அடைச்சாலே ஆறும் நின்னுபோயிரும். இனி அவுங்க கிரீஸ் டப்பாவோட வந்தா உள்ளார உடாதீங்க. மழைக்காலத்துல ஒரு பல்பு போட்டு ரூமைக் கதகதப்பா வெச்சுக்கிட்டாப் போதும்."

தடுக்காமல், தயங்காமல் வந்தது. கேட்டுக்கு வெளியே நின்று சொல்வது எத்தனை சுலபமாக இருக்கிறது!

ஸ்தனிஸ்லாஸ் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டான். இரண்டு தடவை உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கேலி இல்லை, கள்ளம் இல்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கறீங்க," என்றான். "உள்ளார மதர் அதத்தானுங்களே கேட்டாங்க? ஏனுங்க சொல்லல?"

வெள்ளையம்மாளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.